தொலைவிலிருந்து திருத்தும் கை: மொழியாசிரியர் கல்வியில் கற்பித்தலும் மதிப்பிடலும்

தோற்றுவாய்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் கூறியதோடு அமையவில்லை. புலமை எவ்வாறு நிரம்புகிறது என்பதற்கு ஒரு கணக்கையும் தந்துள்ளார். ஆசான் உரைத்ததைப் பழுதறக் கேட்டுக்கொண்ட மாணவனுக்கும் அதனால் வாய்ப்பது கால் பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பயில்வதால் மற்றொரு கால் சேரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் கைவரும். மாணாக்கர்க்கும் அவையினர்க்கும் விரித்துரைத்தல் என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் காண்பர்.

இக்கணக்கு எல்லாக் கல்விக்கும் பொருந்துவதாயினும், ஆசிரியராகப் பயில்வோர்க்குச் சிறப்பாகப் பொருந்தும். அவர்களுக்கு எடுத்துரைத்தல் என்பது கல்வியின் விளைவு மட்டுமன்று. அதுவே அவர்கள் கற்க வந்த தொழில்.

இன்று மொழியாசிரியர்க்கான முதுநிலைப் படிப்புகள் இணையவழியே நடைபெறுகின்றன. கற்பிப்பவர் ஒரு நாட்டில் இருக்கிறார். கற்பவர் வேறொரு நாட்டில் தம் ஊர்ப் பள்ளியில் பணிபுரிந்துகொண்டே இரவில் படிக்கிறார். இத்தகைய படிப்பைப் பற்றிப் பேசும்போது, தேர்வு நேர்மையாக நடைபெறுமா என்னும் ஐயமே முதலில் எழுகிறது. அதனினும் மூத்த வினா ஒன்று உண்டு. தேர்வு எந்தப் பங்கை அளக்கிறது? கேட்டுப் பெற்ற காலையா, எடுத்துரைத்துப் பெறும் அரையையா? 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைக்கல்வி வரலாற்றை இவ்வினாவின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வு மட்டும் தந்த பல்கலைக்கழகம்

1836இல் அரச பட்டயம் பெற்றுத் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் பாடம் நடத்தும் நிறுவனமாக இருக்கவில்லை. கல்லூரிகளில் பயின்றோர்க்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணியாக இருந்தது. 1858இல் வந்த புதிய பட்டயம் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்னும் விதியையும், மருத்துவம் நீங்கலாக, அகற்றிற்று. எங்கே பயின்றாலும், யாரிடம் பயின்றாலும், யாரிடமும் பயிலாவிட்டாலும் தேர்வெழுதலாம் என்றாயிற்று. 1865இல் கடல்கடந்த முதல் தேர்வு மையம் மொரீசியசில் ஏற்பட்டது. 1878இல் பெண்களும் பட்டம் பெறலாயினர்.

கதவு திறந்தது என்பதில் ஐயமில்லை. பொருளற்றோர்க்கும் பணியிலிருந்தோர்க்கும் குடியேற்ற நாடுகளில் வாழ்ந்தோர்க்கும் வேறு வழி இருந்திராது. ஆயினும் அக்கதவின் உட்புறம் ஆசிரியர் ஒருவரும் இல்லை. மாணவர் எழுதிய விடைத்தாள் கப்பலேறிச் சென்றது. திரும்பி வந்தது தேறினார், தேறவில்லை என்னும் முடிவு மட்டுமே. எந்த வரியில் பிழை, எந்தக் கருத்தில் தெளிவின்மை என்பதை எழுதியவர் அறிய வழியில்லை. நன்னூலாரின் நான்கு கால்களில் ஒன்றையும் அப்பல்கலைக்கழகம் தரவில்லை. நான்கையும் மாணவர் தாமே தேடிக்கொண்டு வந்தால், அளந்து முத்திரையிட்டுக் கொடுத்தது.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தோன்றிய பல்கலைக்கழகங்களும் இலண்டனின் அமைப்பையே பின்பற்றின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகப் போற்றப்படும் இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர், அவருக்கு ஆசிரியராக விளங்கிய காரல் விசுவநாதபிள்ளை. ஆசானும் மாணவரும் ஒரே தேர்வுக்கு அமர்ந்தனர் என்பது சிந்தனைக்குரியது. அத்தேர்வின் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. ஒருவர் மற்றவர்க்குக் கற்பித்தவர் என்பது அத்தாளில் புலப்படாது.

தமிழுலகும் இம்முறையை ஏற்றுக்கொண்டது. 1901இல் பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச்சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என மூன்று படிநிலைகளில் தேர்வுகளை நடத்திற்று. கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்து ஆசிரியப் பயிற்சி பெற்ற மயில்வாகனன் 1916இல் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டத்தையும் பெற்றார். பிற்காலத்தில் விபுலாநந்த அடிகள் என்று நாம் போற்றுபவர் இவரே. மதுரையும் இலண்டனுமாகிய இரு தொலைவுகளையும் தேர்வுத்தாளின் வழியே கடந்த இப்பெருமகனார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அவர்தம் யாழ்நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் அவையில் அரங்கேறிற்று. இரு தேர்வுகளும் அவருக்குத் தகுதியைச் சான்றளித்தன. அவர் புலமையின் அரைப் பங்கு வகுப்பறையிலும் அவையிலும் நிரம்பிற்று.

மடலில் வந்த ஆசிரியர்

தேர்வு மட்டும் தரும் மரபுக்கு இணையாக மற்றொரு மரபும் வளர்ந்து வந்தது. அதன் பிறப்பிடம் அஞ்சலகம். 1840இல் இங்கிலாந்தில் எவ்வளவு தொலைவாயினும் ஒரு பென்னியில் மடல் சேரும் என்னும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஐசக் பிட்மன் இதைப் பயன்படுத்தித் தம் சுருக்கெழுத்தைக் கற்பித்தார். மாணவர்கள் விவிலிய வாசகங்களைச் சுருக்கெழுத்தில் பெயர்த்து அனுப்பினர். திருத்திய தாள் அவர்களிடம் திரும்பிச் சென்றது. மாணவரின் தவறு ஆசிரியர் கண்ணில் பட்டு, ஆசிரியரின் குறிப்பு மாணவர் கண்ணில் பட்டது என்பதே இதன் சிறப்பு.

1856இல் பெர்லினில் சார்லஸ் துசேனும் குஸ்தாவ் லாங்கென்ஷைட்டும் பிரெஞ்சு மொழியை மடல்களாக எழுதிக் கற்பிக்கும் முறையைத் தொடங்கினர். அயல்மொழியின் ஒலியைக் காதால் கேளாதவர்க்கு எவ்வாறு உணர்த்துவது? அதற்கென ஒலிக்குறியீடுகளை வகுத்துக்கொண்டனர். தொலைவிலிருந்து மொழி கற்பிப்போர் முதன்முதலில் எதிர்கொண்ட சிக்கல் ஒலிச் சிக்கலே என்பதற்கு இது சான்றாகும்.

அமெரிக்காவில் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1881இல் எபிரேய மொழியை அஞ்சல்வழிக் கற்பிக்கத் தொடங்கினார். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான அவர், 1892இல் அங்கு வகுப்புகள் தொடங்கியபோதே அஞ்சல்வழிக் கல்வியையும் அதன் உறுப்பாக்கினார். ஒரு மொழியாசிரியரிடமிருந்து இம்முயற்சி பிறந்தது தற்செயலன்று. 40 பேர் அமர்ந்த வகுப்பில் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவர்க்கும் எத்தனை வினா கிட்டும்? அஞ்சல்வழி பயில்பவரோ எல்லா வினாவுக்கும் தாமே விடையெழுத வேண்டும். ஒவ்வொரு விடையும் திருத்தப்பட வேண்டும். திருத்துபவர் உழைக்க அணியமாயிருந்தால், தொலைவே ஒரு வகை அண்மையாகிவிடும்.

இவ்விரு மரபுகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சுருங்கக் கூறலாம். இலண்டன் மரபில் விடைத்தாள் ஒருவழிப் பயணம் செய்தது. மடல் மரபில் அது திரும்பி வந்தது. பிற்காலத் தொலைக்கல்வியின் உயர்வும் தாழ்வும் இவ்வேறுபாட்டை எவ்வளவு உணர்ந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தன.

திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நாமும்

1969இல் பட்டயம் பெற்று 1971இல் கற்பிக்கத் தொடங்கிய பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரு மரபுகளையும் இணைக்க முயன்றது. இறுதித் தேர்வு இருந்தது. அதனோடு ஆண்டு முழுவதும் ஒப்படைப்புகளும் இருந்தன. அவற்றுள் ஒருவகையைக் கணினி திருத்திற்று. மற்றொரு வகையை ஆசிரியர் திருத்தினார். ஆசிரியர் திருத்தும் தாளில் மதிப்பெண்ணோடு விளக்கக் குறிப்பும் இடம்பெற்றாக வேண்டும். அக்குறிப்பே பெரும்பாலான மாணவர்க்கு ஆசிரியரின் குரலாக இருந்தது. திருத்திய தாள்களுள் சிலவற்றை எடுத்து, திருத்தியவர் எவ்வாறு திருத்தியுள்ளார் என்று மற்றொருவர் ஆராயும் ஏற்பாடும் அங்கு உண்டு. மாணவரை மட்டுமன்றி மதிப்பிட்டவரையும் மதிப்பிடும் இவ்வொழுங்கு பெரிதும் பாராட்டத்தக்கது. கோடைக்காலப் பள்ளிகள் உடன் பயில்வாரை ஒன்று கூட்டின. இவ்வாறாக நன்னூலாரின் முதலிரு கால்களும் அங்கே இடம்பெற்றன எனலாம்.

இந்தியாவில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் இறங்கின. 1982இல் ஆந்திரத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கல்லூரி வாயிலை மிதிக்க வாய்ப்பற்ற எண்ணிறந்தோர் இவற்றால் பட்டம் பெற்றனர். நம் பள்ளிகளில் பணிபுரியும் தமிழாசிரியர் பலரின் முதுகலைப் பட்டம் இவ்வழி வந்ததே.

நாம் பாடநூல்களை அச்சிட்டு அனுப்பக் கற்றுக்கொண்ட அளவுக்குத் திருத்தி அனுப்பக் கற்றுக்கொண்டோமா என்பது எண்ணிப் பார்க்கவேண்டிய ஒன்று. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் படிப்புகள் பலவற்றில் ஒப்படைப்புக்கு நூற்றுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 70 என்னும் பங்கீடு அமைந்தது. இப்பங்கீட்டிலேயே எது கற்பித்தல், எது சான்றளித்தல் என்னும் முடிவு அடங்கியிருக்கிறது. ஒப்படைப்பில் 'நன்று' என்னும் ஒற்றைச் சொல்லும் ஒரு கையொப்பமும் மட்டும் திரும்பி வருமாயின், பெயரளவில் அது மடல் மரபு. பொருளளவில் இலண்டன் மரபே.

மொழியாசிரியர்க்கென அமைந்த ஏற்பாடுகளில் ஐதராபாத்தில் 1958இல் தொடங்கப்பெற்ற நடுவண் ஆங்கில நிறுவனம் குறிப்பிடத்தக்கது. 1972இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகளின் நடுவண் நிறுவனம் என விரிந்து, 2007இல் பல்கலைக்கழகமான இந்நிறுவனம், ஆங்கிலம் கற்பித்தலில் முதுநிலைச் சான்றிதழையும் பட்டயத்தையும் தொலைவழியில் வழங்கிற்று. பாடங்கள் அஞ்சலில் சென்றாலும் மாணவ ஆசிரியர்கள் நேரடி வகுப்புகளுக்காக ஐதராபாத்துக்கு வந்து தங்கிப் பயில வேண்டியிருந்தது. பேச்சும் ஒலிப்பும் மடலில் அடங்கா என்பதை அது உணர்ந்திருந்தது.

எஞ்சிய அரைப் பங்கு

மொழியாசிரியரின் தகுதியை எவ்வாறு அறிவது? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'நான் பள்ளிக்கு போனேன்' என்று எழுதுகிறாள் எனக் கொள்வோம். ஓர் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார். மற்றொருவர், நான்காம் வேற்றுமை உருபின் பின் வல்லினம் மிகும் என்று ஓரத்தில் எழுதுகிறார். மூன்றாமவர், அதே ஏட்டில் அச்சிறுமி சரியாக எழுதியுள்ள 'கடைக்குச் சென்றேன்', 'வீட்டுக்குப் போனேன்' என்னும் தொடர்களைக் காட்டி, இவற்றுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு, வாய்விட்டுப் படித்துப் பார் என்கிறார்.

மூவருக்கும் விதி தெரியும். வலிமிகும் இடங்களை எழுதுக என்னும் தேர்வு வினாவுக்கு மூவரும் முழு மதிப்பெண் பெறுவர். அவர்களிடையே உள்ள வேறுபாடு அத்தாளில் தெரியாது. சிறுமியின் ஏட்டில்தான் தெரியும்.

இவ்வுண்மையை உணர்ந்த முயற்சிகள் உண்டு. 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறை உருவாயிற்று. பயிற்சி ஆசிரியர் சில மாணவர்க்குச் சில நிமிடங்கள் கற்பிக்கிறார். அதன் ஒளிப்பதிவைத் தாமே காண்கிறார். குறை களைந்து மீண்டும் கற்பிக்கிறார். ஆங்கில ஆசிரியர்க்குக் கேம்பிரிட்ஜ் வழங்கும் 'டெல்ட்டா' பட்டயத்தைத் தொலைவழியில் பயில்வோரும், தாம் வாழும் ஊரில் உள்ள வழிகாட்டி ஒருவர் முன்னிலையில் தம் மாணவர்க்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். படிப்புத் தொலைவில் இருந்தாலும் பார்க்கும் கண் அருகில் இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

முதுகலைப் படிப்புகளின் நிலை வேறு. பிரித்தானிய முறையில் முதுகலைப் பட்டம் 180 மதிப்பலகுகள் கொண்டது. அவற்றுள் வழக்கமாக 60 ஆய்வேட்டுக்கு உரியவை. ஏனையவற்றைப் பெரும்பாலும் கட்டுரைகளே நிரப்புகின்றன. ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுகலைப் படிப்புகள் பலவற்றில் வகுப்பறைக் கற்பித்தல் மதிப்பிடப்படுவதே இல்லை. சேர்பவர் முன்னரே பணியனுபவம் உடையவர் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இருபதாண்டு அனுபவம் என்பது ஓராண்டு அனுபவத்தை இருபது முறை திரும்பச் செய்ததாகவும் இருக்கக்கூடும் என்பதை நாம் அறியாதவர் அல்லர்.

இணையம் கொணர்ந்தவை

இணையம் வந்தபோது இரண்டாம் காலுக்குப் புது வாழ்வு பிறந்தது. அஞ்சல்வழி மாணவர் தம் ஆசிரியரை மட்டும் அறிவார். உடன் பயில்வோரை அறியார். இணையவழிப் படிப்பிலோ சப்பானில் கற்பிப்பவரும் பிரேசிலில் கற்பிப்பவரும் ஒரே வினாவைப் பற்றி உரையாடலாம். எழுத்தில் நடைபெறும் உரையாடலாதலின், சபையில் பேசக் கூசுபவரும் சிந்தித்து விடையிறுக்கலாம். இதில் ஒரு தீங்கும் உண்டு. கலந்துரையாடலுக்கு மதிப்பெண் என்றவுடன், சிலர் எண்ணிக்கைக்காகவே பேசத் தொடங்குவர். அளவுகோலைக் கண்டால் அதற்கேற்ப வளர்வது மாணவர் இயல்பு.

தமிழ்க் கல்விக்கும் இணையம் காலத்தால் முந்தியே உதவிற்று. 2001 பிப்ரவரித் திங்களில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆயிற்று. புலம்பெயர் நாடுகளின் வார இறுதிப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் பெற்றோர் பலர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். அத்தகையோர்க்கு இணையத்தைத் தவிர அணுகத்தக்க வாயில் அரிது. ஆதலின் இணையவழி மொழியாசிரியர் கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா, ஆங்கில ஆசிரியரை மட்டும் பற்றியதன்று. அயலகத்தில் நம் மொழி அடுத்த தலைமுறையைச் சென்று சேருமா என்பதையும் பற்றியது.

2020இல் பெருந்தொற்று எல்லாக் கல்வியையும் ஒரே நாளில் தொலைக்கல்வியாக்கிற்று. அவ்வாண்டு தமிழகத்தில் இறுதிப் பருவ மாணவர் வீட்டிலிருந்தே விடையெழுதி, இணையவழியிலும் அஞ்சலிலும் அனுப்பினர். இரண்டாண்டு கழித்து, 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தது. கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் கருவி எவர் கைக்கும் எட்டிற்று. தொலைக்கல்வி நம்பியிருந்த எழுத்துத்தாளே ஐயத்துக்கு உரியதாயிற்று.

ஐயத்தைத் தீர்க்க மற்றோர் இயந்திரத்தை நாடினர். அக்கருவியை உருவாக்கிய நிறுவனமே கண்டறியும் கருவி ஒன்றை 2023 சனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதாமையால் அதே ஆண்டு சூலையில் திரும்பப் பெற்றது. அவ்வாண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கண்டறியும் கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் தாமே எழுதிய 91 'டோஃபல்' கட்டுரைகளுள், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை எனப் பிழையாகக் காட்டின. எளிய சொற்களை ஆளுவோரை அவை ஐயுற்றன. அயல்மொழியை அரிதின் முயன்று கற்று, அதையே கற்பிக்கவும் முன்வந்த ஆசிரியர்மீது இப்பழி விழுமாயின், அதனினும் கொடிய அநீதி வேறில்லை.

இங்குதான் நன்னூலாரின் கணக்கு நமக்குக் கைகொடுக்கிறது. இயந்திரம் எழுதித் தரவல்லது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கால் பங்கை. தன் வகுப்புச் சிறுமியின் ஏட்டைத் திருத்தி, ஏன் அவ்வாறு திருத்தினேன் என்று கேட்பார்முன் நின்று விடை கூறுவது எஞ்சிய அரை. படிப்பின் மதிப்பீடு அங்கே நகருமாயின் ஏமாற்றுக்கும் இடம் குறையும், கற்பித்தலும் வளரும். மாணவ ஆசிரியர் தாம் திருத்திய ஏடுகளை உரிய ஒப்புதலுடன் அளிக்கட்டும். தம் வகுப்பின் ஒளிப்பதிவில், தம் முகத்தைக் காட்டிலும் கடைசி வரிசைக் குழந்தையின் முகம் தெரியும் பகுதியைத் தேர்ந்து விளக்கட்டும். பேராசிரியர் நேரலையில் வினவட்டும். பேராசிரியரின் குறிப்புகளையும் மற்றொருவர் படித்துப் பார்க்கட்டும். இவற்றுக்குக் காலமும் ஊதியமும் வேண்டும் என்பது உண்மையே. ஆயிரவரைச் சேர்த்துச் சிலரைக்கொண்டு திருத்தும் நிறுவனத்தில் இவை நடவா. தொலைக்கல்வி மலிவானது என்னும் எண்ணம், திருத்தும் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால் எழுந்தது.

நிறைவுரை

ஆசிரியர்கள் தாம் படித்த பாடங்களை மறக்கக்கூடும். தம்மைத் திருத்திய முறையை மறப்பதில்லை. ஒற்றைச் சொல்லும் ஓர் எண்ணும் பெற்றுப் பட்டம் வாங்கியவர், தம் மாணவர்க்கும் அவற்றையே தருவார். ஓரத்தில் நான்கு வரி எழுதிய ஆசிரியரிடம் பயின்றவர், தாமும் நான்கு வரி எழுதுவார். ஆகவே மொழியாசிரியர் கல்வியில் மதிப்பீடு என்பது படிப்பின் இறுதியில் வரும் சடங்கன்று. அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் பாடமே அது.

இலக்கிய வட்டத்து அன்பர்கள் இதனை எளிதில் உணர்வர். பத்தாண்டுகளாக நம் அமர்வுகளில் எவர்க்கும் மதிப்பெண் வழங்கப்படவில்லை. ஆயினும் கவிதை படித்தவர் ஒவ்வொருவரும், எந்தச் சொல் நின்றது, எந்த அடி தளர்ந்தது என்பதைக் கேட்டோரிடமிருந்து அறிந்துகொண்டே சென்றனர். மறுமுறை வருகையில் அவ்வடி திருந்தியிருந்தது. நம் உறுப்பினருள் ஆசிரியப் பணியில் இருப்போரும் இனி அப்பணிக்கு வர இருப்போரும், தொலைவழியில் ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தையும் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்பார்களாக: நான் எழுதிய தாள் யார் கைக்குச் செல்லும், என்ன எழுதப்பட்டு என்னிடம் திரும்பி வரும்?